வெறுங்கால் ஓட்டம்: முதல் நூறு மீட்டரிலிருந்து மெல்லிய ஷூ வரை

மெல்லிய சோல் ஷூ வாங்கியவர்களில் பலர் அதைப் பரணில் தூக்கிப் போடுவது இரண்டாவது மாதத்தில்தான். முதல் வாரம் கால் லேசாக இருக்கும். இத்தனை நாள் அந்தக் கனத்த ஷூவையா சுமந்தோம் என்று தோன்றும். மூன்றாவது வாரம் கெண்டைக்கால் இறுகிப்போய், படியிறங்கக் கைப்பிடியைத் தேட வேண்டிவரும். ஆறாவது வாரம் பாதத்தின் மேற்புறத்தில் ஒரே ஓர் இடம் சுருக்கென்று வலிக்கும். இந்த வரிசை அநேகமாக மாறுவதில்லை, ஏனென்றால் உடம்பின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் பழகுகிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைக்கு ஒன்றிரண்டு மாதம் வேண்டும். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு அதைவிடக் கூடுதல். எல்லாவற்றுக்கும் பின்னால் வருவது எலும்பு. கீழே உள்ள தூரங்களும் நாட்களும் அந்த எலும்பை மனதில் வைத்துப் போட்டவை. படிக்கும்போது ரொம்ப மெதுவாகத் தெரியும். மெதுவாகத்தான் போக வேண்டும்.

ஷூவைக் கழற்றினால் சுமை எங்கே போகிறது

வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகாலுக்குக் கீழே 25 முதல் 35 மி.மீ. வரை மெத்தை இருக்கும். முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 12 மி.மீ. உயரத்தில் நிற்கும். இந்த உயர வித்தியாசத்துக்குத்தான் ட்ராப் என்று பெயர். மெத்தை இருப்பதால், காலை முன்னால் நீட்டிக் குதிகாலைக் குத்தி இறங்கினாலும் வலி தெரிவதில்லை. வெறுங்காலில் கெட்டியான தரையில் அப்படி இறங்கினால், நாலைந்து அடிக்குள் கால் தானாகவே வேறு வழி தேடும். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள். குதிகாலில் இறங்கும்போது தரையிலிருந்து சட்டென்று ஏறும் முதல் அதிர்வு அவர்கள் ஓட்டத்தில் அநேகமாக இல்லை.

இதைப் படித்துவிட்டு, வெறுங்காலில் ஓடினால் காயமே வராது என்ற முடிவுக்குப் பலர் தாவினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. முழங்காலில் விழும் சுமை குறைகிறது என்பது உண்மை. அங்கே குறைந்த அந்தச் சுமை கெண்டைக்கால் தசை, அதைக் குதிகாலோடு கட்டும் அக்கிலிஸ் நாண், விரல்களுக்குப் பின்னால் உள்ள மெட்டாடார்சல் என்ற நீள எலும்புகள் ஆகியவற்றின் மேல் போய் உட்காருகிறது. ஓடிப் பழகிய 36 பேரை வைத்து நடந்த 10 வார ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்து வீங்கியது எம்ஆர்ஐ படத்தில் தெரிந்தது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி.

காரணம் எலும்பு வளரும் விதத்தில் இருக்கிறது. புதிய சுமை வந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அதன் பிறகே புதிதாகக் கட்டும். கரைப்பதற்குச் சில வாரம் போதும். கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். நடுவில் அந்த இடம் முன்பைவிடச் சற்று பலம் குறைந்தே இருக்கும், ஆனால் வலி எதுவும் தெரியாது. கால் பழகிவிட்டது, தூரத்தைக் கூட்டலாம் என்று ஆசை வருவதும் சரியாக அந்த நாட்களில்தான்.

இன்னொன்று. வெறுங்காலையும் மெல்லிய ஷூவையும் ஒரே சரக்காகப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு. வெறுங்காலில் தோல் ஒரு காவலாளி மாதிரி. எலும்புக்கு ஆபத்து வரும் முன்பே உள்ளங்கால் எரிந்து உங்களை நிறுத்திவிடும். மெல்லிய ஷூவில் சுமை அநேகமாக அதேதான், ஆனால் எச்சரிக்கும் தோலை ரப்பர் மூடிவிடுகிறது. அதனால் 'முதலில் மெல்லிய ஷூ, அப்புறம் வெறுங்கால்' என்ற வரிசை தலைகீழானது. ஓட்டத்தை வெறுங்காலில் கற்றுக்கொண்டு, கற்றதை ஷூவுக்குள் கொண்டுபோவதே பாதுகாப்பு.

எத்தியோப்பிய ஓட்டவீரர் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் வென்றார். நல்ல ஓட்டம் காலில் இருந்தால் அது ஷூவுக்குள்ளும் வரும் என்பதற்கு இந்த இரண்டு ஓட்டங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யார் இப்போதைக்குத் தள்ளிப்போட வேண்டும்

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. முள் ஏறினாலும் தெரியாது, புண் ஆறுவதும் கடினம். கால்களில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே விதி. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், கடந்த ஓராண்டில் பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (தொடர் சுமையால் எலும்பில் விழும் நுண்விரிசல்) வந்தவர்கள், அக்கிலிஸ் நாணில் இன்னும் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தட்டைப்பாதம் மட்டும் ஒரு தடை அல்ல. ஆனால் பந்தயத்துக்கு இன்னும் மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது என்றால் இது அதற்கான நேரம் அல்ல.

கால் தயாரா என்று பார்க்க நான்கு சோதனைகள்

1. ஒற்றைக்காலில் நின்று, சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு, குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். இரண்டு கால்களிலும் தனித்தனியாக 20 முறை, கடைசி முறையும் முதல் முறையின் உயரத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் இதுதான் முக்கியம்.

2. சுவருக்கு எதிரே பெருவிரல் 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி பாதத்தை வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடியாவிட்டால் கணுக்கால் இறுக்கம். ட்ராப் இல்லாத ஷூவில் அந்த இறுக்கம் நேராக அக்கிலிஸ் நாணைத்தான் இழுக்கும்.

3. ஒற்றைக்காலில் வெறுங்காலோடு 30 வினாடி, மற்ற பாதம் தரையைத் தொடாமல் நில்லுங்கள்.

4. மற்ற நான்கு விரல்களையும் தரையில் வைத்தபடி பெருவிரலை மட்டும் தூக்குங்கள். பிறகு பெருவிரலை அழுத்தி மற்ற நான்கையும் தூக்குங்கள். முதல் நாள் பலருக்கு விரல் சொன்னபடி கேட்காது. கையால் பிடித்துக் காட்டிக்கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கேட்கும்.

முதல் நான்கு வாரம்: நடையும் பலமும்

இந்த மாதம் ஓட்டம் முழுக்கப் பழைய ஷூவில்தான். வீட்டுக்குள் முடிந்தவரை செருப்பில்லாமல் இருங்கள். வெளியே 10 நிமிட வெறுங்கால் நடையில் தொடங்கி, மாதக் கடைசியில் 30 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே தரையிலேயே நடக்காமல் சிமெண்ட், தார், புல், சிறு கற்கள் கலந்த மண் என்று மாற்றுங்கள். சரளைக் கற்களில் இரண்டு நிமிட நடை, வழுவழுப்பான தரையில் அரை மணி நேரம் கற்றுத்தராததைக் கற்றுத்தரும். பாதத்தை விறைப்பாக வைத்தால் ஒவ்வொரு கல்லும் குத்தும். தளர்த்தினால் பாதம் கல்லின் மேல் வளைந்து படியும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், இந்த மூன்று பயிற்சிகள்:

குதிகால் தூக்கல்: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து 2 வினாடியில் ஏறி, 3 வினாடியில் இறங்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 12 முறை, 3 சுற்று. முழங்காலை நீட்டி ஒரு நாள், லேசாக மடக்கி ஒரு நாள். மடக்கும்போதுதான் கெண்டைக்காலின் உள்தசை வேலை செய்யும். ஓடும்போது அதிகம் சுமப்பது அதுவே.

பாதத்தைக் குறுக்குதல்: நின்றபடி, விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிமேட்டைக் குதிகாலை நோக்கி இழுங்கள். உள்வளைவு உயரும். 5 வினாடி பிடித்து 10 முறை. விரல் நகம் தரையைச் சுரண்டுகிறது என்றால் தவறான தசையை இழுக்கிறீர்கள்.

நின்ற இடத்தில் குதித்தல்: மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு கால்களாலும் 20 முறை, 2 சுற்று, சத்தமில்லாமல். நின்ற இடத்தில் குதிக்கும்போது யாரும் குதிகாலில் இறங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டத்தில் வேண்டியதும் அந்த இறக்கமே.

முதல் ஓட்டம்

கெட்டியான, வழவழப்பான, சுத்தமான தரையைத் தேர்ந்தெடுங்கள். புல்தரைதானே மென்மை என்று கேட்பார்கள். மென்மை தவறை மறைத்துவிடும். புல்லுக்குள் கண்ணாடித் துண்டும் நெருஞ்சி முள்ளும் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த மணலில் குதிகால் புதைந்து அக்கிலிஸ் நாண் அளவுக்கு மீறி இழுபடும். தண்ணீர் ஓரத்து ஈர மணல் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் ஓடும்.

மாற்றுக்கு மெல்லிய செருப்போ ஷூவோ எடுத்துச் செல்லுங்கள். கால் எரிந்தால் போட்டுக்கொண்டு நடந்து திரும்பலாம்.

நின்ற இடத்தில் பத்து முறை குதியுங்கள். அப்படியே நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்குங்கள். அதே இறக்கத்தோடு, கணுக்காலிலிருந்து உடம்பு முழுவதும் துளி முன்சாய்ந்து, மெல்ல நகருங்கள். இடுப்பில் வளையக் கூடாது. 100 மீட்டர் ஓடி, ஒரு நிமிடம் நடந்து, மறுபடி 100. இப்படி நான்கு முறை. முதல் நாள் மொத்தம் 400 மீட்டர், அவ்வளவுதான். மூச்சுகூட வாங்காது. இன்னும் இரண்டு சுற்று போகலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள்.

ஓர் அடி எப்படி இறங்க வேண்டும் என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பாதம் இடுப்புக்கு அநேகமாக நேர்கீழே வருகிறது, முழங்கால் சற்று மடங்கியிருக்கிறது. முதலில் தரையைத் தொடுவது சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள மேடு. அங்கிருந்து எடை உள்பக்கமாகப் பெருவிரல் மேட்டுக்கு உருள்கிறது. விரல்கள் விரிகின்றன. அடுத்து குதிகால் வந்து தரையை முத்தமிட்டுவிட்டுப் போகிறது. இவ்வளவும் கால் வினாடி நேரத்துக்குள். இதில் எல்லோரும் தவறவிடுவது குதிகாலைத்தான். முன்பாதத்தில் இறங்கு என்று கேட்டவுடன் குதிகாலை அந்தரத்திலேயே வைத்து, பூனை நடை நடப்பதுபோல் ஓடுகிறார்கள். இரண்டாம் நாள் கெண்டைக்கால் கல்லாகிப்போவதற்கு முதல் காரணம் இது. குதிகால் ஒவ்வோர் அடியிலும் தரையைத் தொட்டே ஆக வேண்டும்.

தரையை உதைத்துத் தள்ளாதீர்கள். சூடான தரையிலிருந்து எடுப்பதுபோல் பாதத்தைத் தூக்குங்கள். தள்ளும்போது தோல் தரையில் உரசும், தூக்கும்போது உரசாது.

அடி சிறிதாகவும் அடுக்கடுக்காகவும் இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்க எளிய வழி: வலது பாதம் 20 வினாடியில் எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணி, ஆறால் பெருக்குங்கள். 28 வந்தால் நிமிடத்துக்கு 168 அடி. 30 வந்தால் 180. எல்லோரும் 180 அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உயரமும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் வழக்கமான எண்ணிக்கையைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே கால் முன்னால் நீள்வது நின்றுவிடும்.

ஓட்டம் முடிந்ததும் உட்கார்ந்து உள்ளங்காலைப் பாருங்கள். அன்றைய தவறு அங்கே எழுதியிருக்கும். பெருவிரல் மேட்டில் கொப்புளம் என்றால் தரையைத் தள்ளுகிறீர்கள் அல்லது இறங்கியபின் பாதத்தைத் திருகுகிறீர்கள். விரல் நுனிகளில் கொப்புளம் என்றால் பயத்தில் விரலை மடக்கித் தரையைப் பற்றுகிறீர்கள். குதிகாலில் கன்றிப்போயிருந்தால் அடி இன்னும் நீளம். ஒரு பாதத்தில் மட்டும் என்றால் அந்தப் பக்க இடுப்பையும் பார்வை எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். கீழே குனிந்தே ஓடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

வாரக் கணக்கு

ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரம்: வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 400 மீட்டர்.
3, 4-ஆம் வாரம்: நாளுக்கு 800 மீட்டர்.
5, 6-ஆம் வாரம்: 1.2 கி.மீ., நடுவில் இரண்டு நடை இடைவேளை.
7, 8-ஆம் வாரம்: 1.6 கி.மீ.

அதன்பிறகு வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். எலும்பு கட்டிக்கொள்ளும் வாரம் அது. அடுத்தடுத்த நாட்களில் வெறுங்கால் ஓட்டம் வேண்டாம். வெறுங்கால் பகுதியை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, மிச்சத்தைப் பழைய ஷூவில் ஓடுங்கள். கடைசியில் வைத்தால் களைத்த கால் மறுபடி பழைய பாணிக்குப் போய்விடும். மொத்தத் தூரம் ஏறக் கூடாது. வெறுங்காலில் ஓடிய தூரத்தை ஷூ ஓட்டத்தில் கழித்துக்கொள்ளுங்கள். வேக ஓட்டமும் மேட்டு ஓட்டமும் முதல் மூன்று மாதம் வெறுங்காலில் கிடையாது.

மெல்லிய ஷூவைத் தேர்ந்தெடுப்பது

1.6 கி.மீ. வெறுங்காலில் கொப்புளமும் வலியும் இல்லாமல் வருகிறது என்றால் ஷூ வாங்கலாம். அட்டையில் மினிமலிஸ்ட், அதாவது மெல்லிய ஷூ, என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். இதை வகைப்படுத்த 2015-இல் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: எடை, சோலின் தடிமன், ட்ராப், வளையும் தன்மை, பாதத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள். கடையில் நின்றபடியே இவற்றில் பெரும்பாலானவற்றைக் கையால் சோதிக்கலாம்.

ஷூவை முன்னிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். பிறகு ஈரத்துணியைப் பிழிவதுபோல் திருகுங்கள். இரண்டுக்கும் எதிர்ப்பில்லாமல் வளைந்துகொடுக்க வேண்டும். பின்பக்கக் குதிகால் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் மடங்க வேண்டும். மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முனை படகு மாதிரி மேலே வளைந்திருந்தால் விரல்கள் எப்போதும் அந்தரத்திலேயே நிற்கும். அது வேண்டாம்.

அகலம் எல்லாவற்றையும்விட முக்கியம். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, வெறுங்காலோடு முழு எடையும் கொடுத்து ஏறி நில்லுங்கள். எந்த விரலும் ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும், சிலருக்கு மிக நீளமானது இரண்டாவது விரல். பாதம் நாள் முழுவதும் சற்று வீங்குவதால் மாலையில் அளவு பாருங்கள்.

ட்ராப் குறைந்தால் அதை உணர்வது கெண்டைக்காலும் அக்கிலிஸ் நாணும். சோல் மெலிந்தால் அதை உணர்வது பாத எலும்புகள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எல்லோரும் ஒன்றாகச் சண்டைக்கு வருவார்கள். தற்போது 10 மி.மீ. ட்ராப் ஷூ போடுபவர், முதலில் 4 மி.மீ., பிறகு ட்ராப் இல்லாத ஆனால் மெத்தையுள்ள ஷூ, அதற்கும் பிறகு 10 மி.மீ.க்குக் குறைந்த சோல் என்று மூன்று படியாக இறங்கலாம். ஒவ்வொரு படிக்கும் 6 முதல் 8 வாரம். வெறுங்கால் பயிற்சி பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கட்டும்.

மெல்லிய ஷூவில் முதல் நாள் ஓட வேண்டிய தூரம், நீங்கள் வெறுங்காலில் ஓடும் தூரம். அதற்கு மேல் ஒரு மீட்டர்கூட வேண்டாம். தோல் நிறுத்தச் சொல்லாது என்பதால் கணக்கு வைத்து நிறுத்துங்கள். காதையும் பயன்படுத்தலாம். வெறுங்காலில் கேட்காத சத்தம் ஷூவில் பட் பட் என்று கேட்கத் தொடங்கினால், குதிகால் குத்து திரும்பி வந்துவிட்டது. ஷூவைக் கழற்றி 100 மீட்டர் ஓடிவிட்டு மறுபடி போடுங்கள். மெல்லிய ஷூவில் தொடர்ந்து 5 கி.மீ. ஓட அரை ஆண்டும், 10 கி.மீ. ஓட ஓராண்டும் ஆவது இயல்பே.

எந்த வலி எதைச் சொல்கிறது

இரண்டு கெண்டைக்காலிலும் மந்தமான வலி, ஓடிய மறுநாள் தொடங்கி 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய்க் குறைகிறது என்றால் தசை பழகுகிறது. படியிறங்கும்போது விறைப்பு தெரியாத நாள் வரை அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பு, நாணை இரு விரலால் கிள்ளினால் வலி: அக்கிலிஸ் நாண் தாங்கவில்லை. வெறுங்காலையும் மெல்லிய ஷூவையும் நிறுத்துங்கள். இழுத்து நீட்டும் பயிற்சி இதற்கு உதவாது, சில நேரம் கெடுக்கும். இரண்டு கால்களாலும் குதிகாலைப் பாதி உயரம் தூக்கி, அசையாமல் 45 வினாடி, 5 முறை பிடியுங்கள். வலி அடங்கிய பிறகு மெதுவான குதிகால் தூக்கலுக்குப் போகலாம். வலி நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே என்றால், படி விளிம்பில் குதிகாலைக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள்.

பாதத்தின் மேற்புற வலிதான் நீங்கள் பயப்பட வேண்டியது. இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்கு நேர்பின்னால் உள்ள எலும்பை ஒரே விரல் நுனியால் தடவிக்கொண்டே வாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் சுள்ளென்று வலித்து, அந்த இடம் சற்று வீங்கியும் இருந்தால், அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக இருக்கலாம். குதித்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஓடத் திரும்பாதீர்கள். எம்ஆர்ஐ தேவைப்படலாம். வலி ஒரு புள்ளியில் இல்லாமல் மேற்புறம் முழுக்கப் பரவியிருந்தால், முதலில் ஷூவின் கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே காரணம்.

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையில் மரத்துப்போதலோ மின்சாரம் பாய்வதுபோன்ற எரிச்சலோ வந்தால் நரம்பு நசுங்குகிறது, ஷூ குறுகல்.

தோலும் தரையும்

வெறுங்காலில் ஓடினால் பாதம் பாளம் பாளமாக வெடிக்கும் என்று பயப்படுகிறார்கள். சரியாக ஓடுபவரின் உள்ளங்கால் நல்ல தோல் பை மாதிரி தடித்து, வழவழப்பாக இருக்கும். அப்படித் தடித்த தோல் தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை என்று 2019-இல் நேச்சரில் வந்த ஆய்வு காட்டியது. அதனால் காய்ப்பை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டாம். மேடு தட்டிய விளிம்புகளை மட்டும் சமப்படுத்துங்கள்.

டெட்டனஸ் ஊக்க ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். மலம் கலந்திருக்கக்கூடிய ஈர மண்ணில் வெறுங்கால் கூடாது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோல் வழியாகவே உள்ளே போகும். வெயில் நேரத்தில் தாரின் மேல் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் ஓடவும் முடியாது. மழையில் தோல் ஊறிச் சீக்கிரம் தேயும், தூரத்தைப் பாதியாக்குங்கள். குளிரில் பாதம் மரத்துவிட்டால் காவலாளி தூங்கிவிட்டான் என்று பொருள், ஷூவைப் போடுங்கள். ஓடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டில் ஒரு முள்வாங்கி இருக்கட்டும்.

காய்ச்சலோ பயணமோ வந்து மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், விட்ட தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதம் விட்டுப்போனால் மறுபடி 400 மீட்டர். இந்த முறை தோல் சீக்கிரம் பழகும், எலும்புக்கு அதே எட்டு வாரம்தான்.